நம்ம தெருவை இரண்டு தடவை அளந்தார்கள், மாமா

சத்தம் போட்டுச் சிரிக்கிற என் மாமாவுக்கு,

உங்கள் முத்து எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வருகிறது. நாளை மறுநாள் உங்கள் நினைவு நாள். போன வருசம் உங்கள் போட்டோவுக்குப் பக்கத்தில் விளக்குப் படம் வைத்து, போஸ்டர் அடித்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டினோம். இந்த வருசம் போஸ்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது நான் காலண்டர் கம்பெனியில் தாள் சேர்க்கிற வேலை பார்க்கிறேன். அங்கே மானேஜரிடம், போஸ்டர் அடிக்கிற தாளில் இந்தக் கடிதத்தை அடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"கண்ணீர் அஞ்சலின்னு நாலு வரி போட்டாப் போதாதாம்மா?" என்றார்.

"நாலுங்கிற கணக்கு மட்டும் எனக்கு வேண்டாம் சார்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும்.

ஊரும் படிக்கட்டும் மாமா. உங்களிடம் சொல்ல வேண்டியதை இரண்டு வருசமாக மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டேன். இனிமேல் சத்தமாகத்தான் சொல்வேன்.

முதலில் நல்ல சேதி. நம்ம மகள் மாரி முழுகாமல் இருக்கிறாள். ஏழு மாசம். சாத்தூரில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்புப் போட்டோம். வளையல் அடுக்கிய கையை ஆட்டிக்கொண்டே, "அப்பா இருந்தா இந்நேரம் பத்தாயிரம் வாலா கொளுத்தி ஊரைக் கூட்டியிருக்கும்" என்றாள். அழுதுகொண்டே சிரித்தோம். தலைப்பிரசவம், வளையல் போட்ட கையோடு தாய் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். மாடி ரூமுக்கு வெள்ளையடித்து, கட்டிலைச் சன்னல் ஓரமாக இழுத்துப் போட்டு, எல்லாம் தயாராக வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

சம்பந்தியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "மதினி, தப்பா நெனைக்காதீக. ஒங்க மாடிச் சன்னலத் தொறந்தா டவரு. வயித்துப்பிள்ளைக்காரிய அதுக்கு எதுத்தாப்புல எப்படிப் படுக்கப் போடுறது? பிரசவம் இங்கனயே ஆகட்டும். நீங்க வேணா வந்து கூட இருந்துக்கோங்க."

டவர் விசயம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன மறு வருசம், எதிர்வீட்டுச் சங்கரலிங்கம் அண்ணாச்சி மொட்டை மாடியில் செல்போன் டவர் ஏற்றினார்கள். நம்ம தெரு எவ்வளவு அகலம்? இந்தப் பக்கம் கொடியில் காயும் சேலை காற்றடித்தால் அந்தப் பக்கத்து மாடியில் போய் விழும். சுவரும் சுவரும் ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முகிறோம். அதற்கு நடுவில் ஒரு டவர். அன்றையிலிருந்து தெருவில் என்ன நடந்தாலும் அதுதான் காரணம். தூக்கம் வரவில்லை, டவர். முடி கொட்டுகிறது, டவர். பக்கத்து வீட்டுக் கோமதியின் முருங்கை காய்க்காமல் போனதற்கும் டவர்தான். அந்த முருங்கை டவருக்கு முன்னால் என்றைக்குக் காய்த்தது என்று நான் கேட்டதில்லை.

சம்பந்தியம்மா சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பயமும் வந்தது. அவர்கள் சொல்வது சரியா, தப்பா? எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. தெரியாமலே என் பிள்ளை என் வீட்டுக்கு வரக் கூடாது என்று ஆகிவிட்டது.

ஊர் வந்ததும் நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "அண்ணாச்சி, இதுல இருந்து எம்புட்டு வருது?"

"என்னது எம்புட்டு?"

"அந்தக் கதிரு. கண்ணுக்குத் தெரியாம வருதே, அது."

"எல்லாம் அளவுக்குள்ளதான் தாயி. கம்பெனிக்காரன் பேப்பரே குடுத்திருக்கான். என் வீட்டுப் பிள்ளைகளும் அதுக்குக் கீழதான படுத்துத் தூங்குதுக?"

அளவுக்குள்ளதான். அந்த ஒரு சொல் போதும் மாமா, எனக்கு உடம்பெல்லாம் எரிய.

நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த பட்டாசு ஆலையில் ஒவ்வொரு ரூம் சுவரிலும் நீலப் பெயிண்டில் எழுதியிருக்கும். ஆள் அளவு: 4. கீழே, வெடிமருந்து இத்தனை கிலோ. நாலு பேருக்கு நாலு வாசல், எது நடந்தாலும் ஆளுக்கொரு பக்கம் ஓடலாம் என்றுதான் அந்தக் கணக்கு. நீங்கள் போர்மேன். சீசன் வந்துவிட்டால் அந்த நாலு எங்கே போகும் என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆறு பேர் உட்காருவோம், ஏழு பேர் உட்காருவோம். செக்கிங் வருகிறது என்று முதல் நாளே ஆபீசுக்குச் சேதி வந்துவிடும். மறுநாள் காலையில் நீங்கள் விசில் அடிப்பீர்கள். ரூமுக்கு நாலு பேரை விட்டுவிட்டு, மிச்சப் பேர் தூக்குச்சட்டியோடு பின்பக்கம் சீமைக்கருவேலங்காட்டுக்குள் போய் உட்காருவோம். ஜீப் போனதும் இன்னொரு விசில். திரும்பி வருவோம்.

நானும் அந்தக் காட்டில் உட்கார்ந்திருக்கிறேன். முள் குத்தாத இடம் எது என்று கூட எனக்குப் பாடம். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு நம்ம கம்பெனியில எல்லா ரூமும் நாலே நாலு!" என்று தொடையைத் தட்டிச் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

அன்றைக்குத் தீபாவளி ஆர்டர். போர்டில் நாலு. உள்ளே ஏழு. ஏழாவது ஆள் நீங்கள், வேலையை அவசரப்படுத்தப் போய் நின்றவர். வெடித்த பிறகு அந்த ரூமில் ஒரு பக்கச் சுவர்தான் நின்றது. எந்தச் சுவர் என்று உங்களுக்குத் தெரியுமா? போர்டு எழுதிய சுவர். 'ஆள் அளவு: 4' என்று ஒரு எழுத்துக் கூட அழியாமல் இருந்தது.

அதனால்தான் அண்ணாச்சியிடம் சொன்னேன்: "அளவுன்னு எழுதி வச்சிருக்கிறத நான் வாசிச்சு முடிச்சிட்டேன் அண்ணாச்சி. இனி அளந்தாத்தான் நம்புவேன்."

"இத எப்படித்தா அளப்ப? உழக்கு வச்சா?" என்று சிரித்தார்.

அளக்கலாம் மாமா. அதற்கென்று அரசாங்கத்தில் ஆபீஸ் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்து சொல்லுங்கள் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாமாம். காலண்டர் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற பொண்ணுதான் சொன்னது, மனுவும் அதுதான் போட்டுக் கொடுத்தது. கட்டணத்தைக் கட்டினேன். கோமதி கேட்டாள், "அந்தக் காசுல மாரிக்கு ஒரு நல்ல சேலை எடுத்திருக்கலாம்ல?" சேலை கட்டிக்கொண்டு அவள் எங்கே வந்து நிற்பாள்? என் வீட்டுக்கு வரவே விடமாட்டேன் என்கிறார்களே.

இன்ன தேதிக்கு வருகிறோம் என்று போன் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டும் தொடையைத் தட்டுவீர்கள்.

தேதி தெரிந்ததும் தெரு முழுக்கப் பரபரப்பாகிவிட்டது. சாக்கடை அள்ளினார்கள். பெரிய கோலம் போட்டார்கள். நம்ம தெருவில் முக்கால்வாசிப் பேர் நாரணாபுரம், விஸ்வநத்தம் பக்கம் ஆலை வேலைக்குப் போகிறவர்கள்தானே. ஆபீசர் வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கேட்டுக்குள் நுழையும்போதே செல்போனை அணைத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போய்ப் பழகிய கை. செக்கிங் அன்றைக்கு ஒரு போன் சத்தம் கேட்டால் சீட்டுக் கிழிந்தது. அந்தப் பழக்கத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையிலேயே நம்ம வீட்டு எவர்சில்வர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

"ஆபீசர் வாராக. போனை அமத்திக் குடுங்க."

யாராவது ஏன் என்று கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை. வரிசையாகப் போட்டார்கள். கோமதி மட்டும், "அக்கா, எம் போனுக்கு அடையாளம் இருக்கு, மாத்திக் கீத்திக் குடுத்துராத" என்றாள். அண்டா நிறைந்துவிட்டது. துண்டைப் போட்டு மூடி, மாரிக்காகப் போட்ட கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். ஆபீசருக்கு மரியாதை செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன் மாமா. சத்தியமாக வேறு நினைப்பு இல்லை.

வந்தது ஒரு சின்னப் பொண்ணு. நம்ம மாரி வயசுதான் இருக்கும். இன்ஜினியராம். கூட ஒரு ஆள் பெட்டியைத் தூக்கி வந்தார். மூன்று கால் கம்பியை நட்டு, அதன் நுனியில் பந்து மாதிரி ஒன்றை மாட்டினார்கள். "ஆறு நிமிசத்துக்கு யாரும் கிட்ட வரக் கூடாதும்மா" என்றது. தெரு முனையில் ஆறு நிமிசம். அண்ணாச்சி வாசலில் ஆறு நிமிசம். பிறகு நம்ம மாடி ரூம், மாரி தலை வைக்கிற இடத்தில், சன்னலைத் திறந்து வைத்து ஆறு நிமிசம். நம்ம தெரு அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பொண்ணு ஏதோ எண் சொன்னது. புள்ளி வைத்து, அதற்குப் பிறகு பூஜ்யம் பூஜ்யமாக வந்தது.

"எனக்கு இது விளங்கலம்மா" என்றேன். "அரசாங்கம் இம்புட்டு வரைக்கும் வரலாம்னு வச்சிருக்குல்ல, அது ஒரு குடம் தண்ணின்னு வச்சுக்கோங்க. இந்தச் சன்னல்ல எம்புட்டு வருது?"

அது ரூமைச் சுற்றிப் பார்த்தது. பிறக்கப் போகிற பிள்ளைக்குப் பால் புகட்ட நான் வாங்கி வைத்திருந்த வெள்ளிச் சங்கு அலமாரியில் இருந்தது. அதைக் காட்டி, "இதால ரெண்டு சங்கு இருக்கும்மா. அவ்வளவுதான்" என்றது.

ஒரு குடத்துக்கு ரெண்டு சங்கு! படிக்கட்டில் நின்ற அண்ணாச்சி, "கேட்டியா தாயி? நான் என்ன சொன்னேன்?" என்று அங்கிருந்தே கத்தினார். கோமதி குலவை போடப் போனாள், நான்தான் வாயைப் பொத்தினேன். பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மாமா, அந்தப் பேப்பரைப் பார்த்த நிமிசம் எனக்கு மாரி முகம்தான் தெரிந்தது. நாளைக்கே சாத்தூர் போகலாம், கையோடு கூட்டி வரலாம்.

கம்பியை மடக்கிக்கொண்டே அந்தப் பொண்ணு சும்மா கேட்டது: "இந்தத் தெருவுல யாரும் அதிகமா செல்போன் பேச மாட்டாங்களாம்மா? இவ்வளவு நெருக்கமான இடம், இன்னும் கொஞ்சம் கூட வரும்னு நெனச்சேன்."

"ஏம்மா, பேசுனா கூடுமா?"

"ஆமாம்மா. சும்மா இருக்கும்போது டவர் கம்மியாத்தான் அனுப்பும். பேசுறவங்க, படம் பாக்கிறவங்க கூடக் கூட அதுவும் கூட்டும்."

கட்டிலுக்கு அடியில் அண்டா இருக்கிறது. துண்டு போட்டு மூடியிருக்கிறது.

கோமதி என் காலை மிதித்தாள். காதுக்குள் சொன்னாள்: "அக்கா, வாயத் தொறக்காத. இந்தப் பேப்பர ஒன் சம்பந்தி கையில குடுத்தா நாளைக்கே மாரி இங்கன இருப்பா."

உண்மைதான். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். பேப்பரில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பொண்ணு அளந்தது நிசம். மிசின் சொன்னது நிசம். ரூமுக்குள் நாலு பேர் இருந்ததும் நிசம்தானே மாமா, ஜீப் நின்ற அந்த அரைமணி நேரம்?

அந்த நேரத்தில் எனக்கு உங்கள் விசில் சத்தம் கேட்டது. நீங்கள் அடித்து நாங்கள் எழுந்து போவோமே, அந்த விசில். அந்த அண்டாதான் கருவேலங்காடு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தத் தடவை விசில் அடித்தவள் நான்.

குனிந்து அண்டாவை இழுத்தேன். துண்டை எடுத்தேன்.

"அம்மா, ஆளை எல்லாம் வெளியே அனுப்பிட்டுத்தான் ஒங்கள உள்ள கூப்பிட்டிருக்கேன். இந்த அளவு செல்லாது. திரும்ப அளங்க."

அந்தப் பொண்ணு அண்டாவை எட்டிப் பார்த்தது. முதலில் சிரிப்பு வந்துவிட்டது அதற்கு. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டது. அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "ஏ தாயி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நல்ல பேப்பர் கெடச்சிருச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"நிசம் வேணும் அண்ணாச்சி. இங்கன படுக்கப் போறது என் மக. பேப்பர் இல்ல."

"கூட வந்து தொலைச்சிட்டா என்ன செய்வ?"

"கூட வந்தா ஒங்க வீட்டு வாசல்ல வந்து உக்காருவேன். டவரை எறக்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். கொறைய வந்தா ஒங்களுக்கு ஒரு கும்பிடு போடுவேன். ரெண்டுக்கும் மொதல்ல அளக்கணும்."

அந்தப் பொண்ணுதான் சொன்னது: "திருத்தங்கல் பக்கம் இன்னொரு இடம் இருக்கும்மா. முடிச்சிட்டு ஏழு மணிக்கு வர்றோம். எல்லாரும் வீட்டுல இருப்பாங்கள்ல?"

"இருப்பாகம்மா. ஒருத்தரையும் காட்டுக்குள்ள அனுப்ப மாட்டேன்" என்றேன். அதற்கு இது விளங்கியிருக்காது.

அண்டாவோடு திரும்பவும் வீடு வீடாகப் போனேன். போனைக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், தினமும் எப்படி இருப்பீகளோ அப்படியே இருங்க. கோமதி கேட்டாளா? வீட்டிலிருந்த மூன்று போனிலும் மூன்று படத்தை ஓடவிட்டு வாசலில் வரிசையாக வைத்திருந்தாள். "நம்ம தெருன்னா ஒரு கெத்து வேணாமா அக்கா?" என்றாள். இரண்டை அணைக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஏழு மணிக்கு நம்ம தெரு எப்படி இருக்கும் என்று நினைவு இருக்கிறதா? வேன் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயிருக்கும். ஒரு வீட்டில் சீரியல், ஒரு வீட்டில் துபாயில் இருக்கும் மகனோடு பேச்சு, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு விளையாட்டு, லாரிக்கு லோடு ஏற்றியாச்சா என்று அண்ணாச்சி போனில் போடும் சத்தம். எல்லோரும் இருந்தார்கள். மூன்று இடத்திலும் ஆறு ஆறு நிமிசம், காலையில் நட்ட அதே இடத்தில் நட்டார்கள்.

மாடி ரூமில் நின்று அந்தப் பொண்ணு எண்ணைச் சொன்னது. நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "குடத்துக்குக் கணக்குச் சொல்லணும், அதானே?" என்று கேட்டது. அடுப்படிக்குப் போய் நானே காப்பி தம்ளரை எடுத்து வந்து நீட்டினேன். வாங்கிப் பார்த்து, "ஒரு தம்ளர்" என்றது.

காலையில் ரெண்டு சங்கு. சாயங்காலம் ஒரு தம்ளர். அம்புட்டு வித்தியாசம். அப்படியும் குடத்தில் ஒரு தம்ளர்தான். இத்தனை பக்கத்தில் இருந்தும் ஏன் இவ்வளவுதான் என்று கேட்டேன். டவரின் முகம் டார்ச் லைட் மாதிரி தூரத்தைப் பார்த்து இருக்கிறது, நேர் கீழே கொஞ்சம்தான் சிந்தும் என்றது. நாள் முழுக்கக் காதோடு ஒட்டிவைத்துப் பேசுகிற போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றும் சொன்னது. கோமதி தன் போனைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"இந்த ஒரு தம்ளர் பிள்ளைய ஒண்ணும் செய்யாதாம்மா?"

"இந்த அளவுக்கு ஒண்ணும் ஆகலன்னுதான் இதுவரைக்கும் ஆராய்ச்சி செஞ்சவங்க சொல்றாங்கம்மா. இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. எனக்குத் தெரிஞ்சதைத்தான் நான் சொல்ல முடியும்."

தெரிந்ததைத்தான் சொல்ல முடியும். மாமா, ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு ஆள் என்னிடம் இப்படிப் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. ரெண்டாவது பேப்பரையும் வாங்கிக்கொண்டேன். சொன்னபடியே அண்ணாச்சி வீட்டு வாசலுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டேன். "போ தாயி, போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சிரித்தார். நான் பார்த்தேன்.

மறுநாள் சாத்தூருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்டாவையும் சொன்னேன்.

சம்பந்தியம்மாவுக்குக் கோபம். "ரெண்டு சங்குன்னு மட்டும் சொல்லியிருந்தா நான் என்ன கேக்கவா போறேன்? தம்ளரை ஏன் மதினி சொல்றீக? இப்ப நான் என்னத்த நெனைக்கிறது?"

"ரெண்டும் என் வீட்டு அளவுதான் மதினி. தெரிஞ்சுக்கிட்டு ஒங்க மனசுக்கு ஒப்பலன்னா பிள்ளைய அனுப்பாதீக. நான் சண்டைக்கு வர மாட்டேன். தெரியாம மட்டும் வேண்டாம்னு சொல்லாதீக."

போனை வைத்துவிட்டார்கள். மூன்று நாள் ஒரு சேதியும் இல்லை. காலண்டர் தாளைச் சேர்த்துக்கொண்டே இருப்பேன், கை பாட்டுக்குத் தேதியைத் தாண்டிப் போய்விடும். கோமதி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சொன்னேன்ல? கேட்டியா?" என்றாள். நான் தப்புச் செய்துவிட்டேனா மாமா? ஊமையாக இருந்திருக்கலாமோ? மாடி ரூமுக்குப் போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து உங்களைத்தான் திட்டினேன். செக்கிங் ஜீப் வந்த நாளில் ஒரே ஒரு நாள் நீங்கள் விசில் அடிக்காமல் இருந்திருந்தால்? ஒரே ஒரு நாள் நான் கருவேலங்காட்டை விட்டு எழுந்து ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றிருந்தால்?

நாலாம் நாள் மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. ஒரு கையில் பை, ஒரு கை இடுப்பில், கை நிறைய வளையலோடு மாரி இறங்கினாள். பின்னாலேயே மருமகன் ஒரு சாக்கு நிறையக் கருப்பட்டியும் சேவும் சுமந்துகொண்டு.

"அத்தை திட்டிக்கிட்டேதாம்மா அனுப்பினாக" என்றாள். "'ஒங்கம்மா இருக்காளே, கெட்ட நம்பரையும் மறைக்கத் தெரியாத பொம்பள. அவகிட்ட இருந்தா என்ன ஏதுன்னாலும் எனக்கு ஒளிக்காமச் சொல்லுவா, போ'ன்னுட்டாக."

அந்தத் திட்டு எனக்குப் போதும் மாமா. அதைக் கேட்டுக்கொண்டே ஆரத்தித் தட்டைத் தேடினேன், அவசரத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டேன்.

இன்னொரு வேலையும் செய்தேன். டவருக்குக் கீழே அளவை எழுதிப் போர்டு வையுங்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "என் சுவத்துல ஆணி அடிக்க விடமாட்டேன்" என்றார். சரி, என் சுவர் இருக்கிறதே. நீலப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி, தெருவைப் பார்த்த சுவரில் நானே எழுதினேன். இன்ன தேதி, காலையில் போன் எல்லாம் அணைத்து வைத்து அளந்தது இவ்வளவு. அதே நாள் சாயங்காலம், தெரு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தபோது அளந்தது இவ்வளவு. அரசாங்கம் வைத்த வரம்பு இவ்வளவு. எழுத்துக் கோணல்தான். ஆனால் ஆள் இல்லாதபோது எடுத்த கணக்கு எது, இருந்தபோது எடுத்த கணக்கு எது என்று ரெண்டையும் சொல்கிற சுவர் இந்தச் சிவகாசியில் நம்ம வீட்டுச் சுவர்தான். ஆலைக்குப் போகிறவர்கள் நின்று வாசித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு எது ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது மாரி மாடியில் சன்னல் ஓரம் படுத்திருக்கிறாள். எதிரே டவர் நிற்கிறது. அது என் சிநேகிதம் இல்லை. அதை எனக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் அதற்கு நான் பயப்படவில்லை. அதன் அளவு எனக்குத் தெரியும்.

இனி உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. வருசா வருசம், எல்லாப் போனும் பேசிக்கொண்டிருக்கிற ஏழு மணிக்கு, இந்தத் தெருவை அளக்க வைப்பேன். கூடினாலும் குறைந்தாலும் அந்தச் சுவரில் எழுதுவேன்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வருசமாக விசாரணைக்கு யார் வந்து கேட்டாலும், "அந்த ரூம்ல எத்தன பேருன்னு எனக்குத் தெரியாது, அவுக சும்மா அந்தப் பக்கம் போயிருக்காக" என்றுதான் சொல்லி வந்தேன். உங்கள் பேரைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். உங்களோடு போன ஆறு பேரையும் திரும்பக் காட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. இனி யார் கேட்டாலும், எங்கே நிறுத்திக் கேட்டாலும் சொல்வேன். போர்டில் நாலு. உள்ளே ஏழு. உட்கார வைத்தவர் என் புருசன். வைக்கச் சொன்னவர்கள் யார் என்பதையும் சொல்வேன். இந்தத் தாளைப் படிக்கிற எல்லோரும் அதற்குச் சாட்சி.

கோபப்படாதீர்கள் மாமா. பேரப்பிள்ளை வந்து, தாத்தா எப்படிச் செத்தார் என்று ஒரு நாள் கேட்கும். அதற்கு ரெண்டு சங்கு மட்டும் சொல்லிவிட்டுத் தம்ளரை மறைக்க என்னால் ஆகாது.

உங்கள் அக்கா மகள்,
உங்கள் ஏழாவது கணக்கைச் சுமக்கிற பெஞ்சாதி,
வரப்போகும் பிள்ளைக்கு அம்மாச்சி,
முத்துலட்சுமி